36 வயதில் தற்காப்புப் பயிற்சியைத் தொடங்கலாமா?

வாசகியின் கடிதம்

மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குச் சற்று முன் முடியும் பணியில் இருக்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு அவர் வேலை முடிந்து நடந்து சென்றபோது, முன்பின் தெரியாத ஒருவன் வெகுதூரம் பின்தொடர்ந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். எதிரே வந்த வாகனத்தின் வெளிச்சம் பட்டதும் கையை விட்டுவிட்டு ஓடிவிட்டான். உடலில் காயம் எதுவும் இல்லை. ஆனால், "அவன் பிடித்திருந்த அந்தச் சில நொடிகளில் என்னால் கத்தக்கூட முடியவில்லை, மரம்போல நின்றேன், நான் இவ்வளவு கோழையா?" என்ற கேள்வி அவரை விடவில்லை.

அன்றிலிருந்து தற்காப்புக் கலை ஒன்றைக் கற்க வேண்டும் என்று நினைக்கிறார். கராத்தே, குத்துச்சண்டை, ஜூடோ, ஜியு-ஜிட்சு, க்ராவ் மாகா என்று பெயர்கள் பல கண்ணில் படுகின்றன. எதைத் தேர்வது என்று தெரியவில்லை. "எவ்வளவு கற்றாலும் ஓர் ஆணின் பலத்துக்கு முன்னால் எடுபடாது" என்கிறார் அண்ணன். "கவட்டில் ஓர் உதை கொடுத்தால் எவனும் விழுந்துவிடுவான், அதற்குப் போய் வகுப்பா?" என்கிறார் தோழி. வாசகிக்கு இடது முழங்காலில் சவ்வு கிழிந்து குணமான பழைய காயம் இருக்கிறது. ஒரு நாள் பயிலரங்கம் போதுமா, கைப்பையில் சிறிய கத்தி வைத்துக்கொள்ளலாமா, திருப்பித் தாக்கினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் மூன்றே வரிகளில் இன்னொரு செய்தி இருக்கிறது. அலுவலகத்தில் இவருக்கு மேலே இருக்கும் ஒருவர், பேசும்போதெல்லாம் தோளில் கை வைக்கிறார். கணினித் திரையைப் பார்ப்பதுபோல மேலே சாய்கிறார். "அது பெரிய விஷயமில்லை, பழகிவிட்டது" என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன், கேட்காமல் உங்களையே குற்றம் சாட்டிக்கொண்ட ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து வரும்போது ஒருவர் எதிர்த்து நிற்பார் அல்லது ஓடுவார் என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக, உடல் விறைத்து, குரல் அடைத்து, அசைவற்றுப் போவதும் உண்டு. அது நாம் யோசித்து எடுக்கும் முடிவு அல்ல. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கான அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவுக்கு இவ்வாறு அசைவற்றுப் போனதாக 70 சதவீதத்தினர் தெரிவித்திருந்தனர். உங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேர்ந்ததைவிடக் குறுகிய நேரத்தில் முடிந்தது என்றாலும், உடல் அன்று செய்தது அதே வகையான வேலைதான். இதில் கோழைத்தனத்தைத் தேடுவது, கண்ணில் தூசு விழும்போது இமை ஏன் மூடியது என்று இமையைக் கண்டிப்பதற்குச் சமம்.

பயிற்சியால் இந்த உறைநிலை அடியோடு மறைந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நல்ல பயிற்சி செய்வது இதுதான்: மணிக்கட்டு பிடிபடுவது, மிக அருகில் ஒருவர் வந்து நிற்பது, கீழே தள்ளப்படுவது ஆகியவை உடலுக்கு முற்றிலும் புதியவையாக இல்லாதபடி அது பழக்கிவைக்கிறது. புதுமையின் அதிர்ச்சி குறையும்போது, அசைவின்றி நிற்கும் நேரமும் பெரும்பாலானோருக்குக் குறைகிறது. பல ஆண்டுகள் பயின்றவர்களும் உண்மையான தருணத்தில் உறைந்துபோனதுண்டு. நாளை உங்களுக்கு மீண்டும் அப்படி நேர்ந்தாலும் அது நீங்கள் பயின்றது வீண் என்பதற்குச் சான்றாகாது; குற்றம் பிடித்தவனுடையது.

ஒரு மனநல ஆலோசகர் என்ற முறையில் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சி ஒரு மாதத்துக்கு மேலாகவும் திரும்பத் திரும்ப வருகிறதா, தூக்கம் கெடுகிறதா, பின்னால் காலடி கேட்டாலே நெஞ்சு படபடத்து அந்த வழியையே தவிர்க்கிறீர்களா? இவற்றுள் சில இருந்தாலும், வகுப்பில் சேர்வதற்கு முன்போ சேர்ந்த கையோடோ ஓர் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ சந்தியுங்கள். பிடிகளைப் பழகும்போது அன்றைய நினைவு திடீரென்று எழக்கூடும். அதற்காகப் பயிற்சியாளரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "சில பிடிகளில் எனக்குத் திணறல் வரும், நான் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும்" என்று சொன்னாலே போதும். அந்த ஒரு வேண்டுகோளை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே அந்த இடம் உங்களுக்கு ஏற்றதா என்பது பாதி தெரிந்துவிடும்.

கடிதத்தில் இருக்கும் இரண்டாவது ஆள்

உங்கள் கடிதத்தில் தெருவில் வந்தவனுக்கு மூன்று பக்கங்கள். அலுவலக மேலாளருக்கு மூன்று வரிகள். என் கவலை இந்த மூன்று வரிகளின் மீதுதான். தற்காப்பு என்றவுடன் இருட்டான தெருவும் முகம் தெரியாதவனும் நினைவுக்கு வருவது இயல்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, பிறரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார்; அதில் பெரும்பங்கு கணவர் அல்லது துணைவரால் நிகழ்ந்தது. பெண்கள் சந்திக்கும் பாலியல் அத்துமீறல்களிலும் தெரிந்தவர்களின் பங்கு மிகப் பெரியது. தெரியாதவனைத் தள்ளிவிட்டு ஓடலாம். தெரிந்தவரிடம் முதலில் தடையாக நிற்பது அவருடைய பலம் அல்ல. "தவறாக நினைத்துவிடுவாரோ, நான்தான் மிகைப்படுத்துகிறேனோ, வேலை என்னவாகும்" என்ற நம் தயக்கம்.

இந்தத் தயக்கத்தைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு சோதனை நல்ல விடை தருகிறது. மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு படித்த 893 மாணவியரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள், மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். மற்றக் குழுவுக்கு வழக்கமான தகவல் கையேடுகளைக் கொடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு பயிற்சி பெற்றவர்களிடம் 5.2 சதவீதமாகவும், பெறாதவர்களிடம் 9.8 சதவீதமாகவும் இருந்தது. அந்த 12 மணி நேரத்தில் உதைப்பதும் தட்டிவிடுவதும் ஒரு பகுதிதான். அறிமுகமானவரின் நடத்தையில் ஆபத்தின் அறிகுறிகளைக் கவனிப்பது, "இவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று நம்மையே சமாதானப்படுத்திக்கொள்ளும் மனத்தடையைத் தாண்டுவது, வாய்விட்டு மறுப்பது, வேண்டியபோது உடலால் எதிர்ப்பது ஆகியவை சேர்ந்தே இருந்தன. அவர்கள் இளம் மாணவியர். உங்கள் வயதும் சூழ்நிலையும் வேறு என்பதால் அந்த எண்களை அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் பயிற்சி என்றால் அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே, உங்கள் பயிற்சி குரலில் தொடங்கட்டும். மறுக்கும் வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். அதில் கேள்வியோ மன்னிப்போ காரணமோ இருக்கக் கூடாது. "தோளிலிருந்து கையை எடுங்கள்." "கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்கள்." இவ்வளவுதான். நம்மில் பலர் இதைச் சொல்லிவிட்டு உடனே சிரித்து அதன் கூர்மையைத் தாங்களே மழுக்கிவிடுகிறோம். நல்ல வகுப்பில் எதிரே நிற்பவர் அடங்கிப்போவதுபோல நடிக்க மாட்டார், "என்னம்மா, சாதாரணமாகத்தானே கை வைத்தேன், இதற்குப் போய்க் கோபமா?" என்று குழைவார், கேலி செய்வார், கோபப்படுவார். நீங்கள் விவாதத்தில் இறங்காமல் அதே வாக்கியத்தை அதே குரலில் மறுபடி சொல்லப் பழக வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும், முகத்தைக் குத்துவதைவிட இது பலருக்குக் கடினம்.

அந்த மேலாளரைப் பொறுத்தவரை, அவர் கையைத் தோளில் வைத்ததற்காக அவரை அடிப்பது சட்டப்படியும் நடைமுறைப்படியும் உங்களுக்கே தீங்காக முடியலாம். அங்கே உங்கள் தற்காப்பு வேறு வகையானது. நடந்த தேதி, நேரம், இடம், என்ன செய்தார், என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார் என்பதை அன்றன்றே எழுதி, அலுவலகக் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்தப் பொறுப்பில் வைத்திருங்கள். நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் சொல்லிவையுங்கள். உங்கள் நிறுவனத்தில் புகார் கொடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது, அதற்குக் காலக்கெடு ஏதும் உண்டா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புகார் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பது உங்கள் முடிவு. முடிவெடுக்கும் நாளில் கையில் ஆவணம் இருக்க வேண்டும் என்பதே என் அக்கறை. "பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். பழகியிருந்தால் கடிதத்தில் அது இடம்பெற்றிருக்காது.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை

உடல் எடையும் பலமும் கணக்கில் வராது என்று சொல்லும் பயிற்சியாளர் உங்களை ஏமாற்றுகிறார். அவை கணக்கில் வரும் என்பதால்தான் பெரும்பாலான போர்க்கலை விளையாட்டுகளில் எடைப் பிரிவுகள் இருக்கின்றன. அண்ணன் தவறுவது வேறிடத்தில்: உங்கள் நோக்கம் அந்த மனிதனை வெல்வது என்று அவர் கொள்கிறார். உங்கள் நோக்கம் பிடியிலிருந்து விலகி, ஓடுவதற்கு இரண்டு மூன்று நொடிகள் பெறுவது. பிடித்து இழுப்பது சுலபம் என்று எண்ணி வருபவனுக்கு, கூச்சலும் எதிர்ப்பும் கவனம் ஈர்க்கும் சத்தமும் வந்தால் அவன் கணக்கு மாறுகிறது. உங்கள் விஷயத்தில் ஒரு வாகனத்தின் வெளிச்சமே அவனை ஓடச் செய்ததை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. எடித் காரட் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 5 அடிக்கும் குறைவான உயரம் கொண்டவர், ஜியு-ஜிட்சு பயிற்சியாளர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களுக்கு அவர் அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார். 1913 வாக்கில், தலைவர்கள் கைது செய்யப்படாமல் காக்க அமைக்கப்பட்ட பெண்கள் பாதுகாப்புக் குழுவும் அவரிடம் பயின்றது. அவர்கள் காவல்துறையை அடித்து வீழ்த்திவிடவில்லை. தலைவர் தப்பிச் செல்லும்வரை தாமதப்படுத்தினார்கள். அதுவே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

எந்தக் கலை?

பெயரைவிடப் பயிற்றும் முறையைப் பாருங்கள். எதிரே இருப்பவர் உண்மையாகவே எதிர்க்கிறாரா என்பதே என் அளவுகோல். கையை நீட்டிவிட்டு அசையாமல் நிற்கும் ஒருவரிடம் ஆயிரம் முறை பழகிய நுட்பம், இழுத்துக்கொண்டே நடக்கும் ஒருவனிடம் முதல் முறையிலேயே தோற்கலாம். தொடக்கத்தில் எதிர்ப்பு மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல அது கூட வேண்டும். கடைசிவரை கூடவே இல்லையென்றால் நீங்கள் கற்பது ஒரு நடனம். நடனம் நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

குத்துச்சண்டை தொலைவைக் கணிக்கவும், முகத்தை நோக்கி ஒரு கை வரும்போது கண்ணை மூடாமல் இருக்கவும் விரைவில் பழக்கும்; பிடிகளுக்கும் தரையில் விழுந்த நிலைக்கும் அதில் விடை இல்லை. ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய ஜூடோ, பிடிப்பவரின் சமநிலையைக் குலைக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காயமின்றி விழவும் கற்றுத்தரும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பெரும்பகுதி தரையில்தான் நடக்கும். தன்னைவிடக் கனமான ஒருவர் மேலே அழுத்தியிருக்கும்போது பதறாமல் மூச்சுவிட்டு வெளியேறுவதை அதைப்போல விரிவாகக் கற்றுத்தரும் கலை அரிது. கையால் தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும் என்ற விதி இருப்பதால் முழு எதிர்ப்போடு பழகவும் முடிகிறது. நெருங்கிய உடல் தொடர்பு தவிர்க்க முடியாதது என்பதால், உங்கள் மனம் அதற்கு இப்போது ஆயத்தமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கராத்தேயின் பயன் முழுக்க வகுப்பைப் பொறுத்தது: நேருக்கு நேர் மோதிப் பழகும் வகுப்பும் உண்டு, வரிசையில் நின்று காற்றில் குத்திவிட்டு பெல்ட் நிறம் மாற்றும் வகுப்பும் உண்டு. இமி லிக்டன்ஃபெல்டு 1930களில் தெருச்சண்டைகளில் பெற்ற அனுபவத்திலிருந்து உருவாக்கிய க்ராவ் மாகா, பிடி, நெரிப்பு, ஆயுதம் என்று நேரடியான சூழ்நிலைகளைப் பழக்குகிறது. பயிற்சியாளர்களின் தரத்தில் வேறுபாடு அதிகம் என்பதால் பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள்.

இவற்றுக்கு அப்பால், பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய ஒரு முறையில், தலைமுதல் கால்வரை கனத்த பாதுகாப்புக் கவசம் அணிந்தவர் தாக்குபவராக வருவார். பயில்பவர் குரல் எழுப்பி, முழு விசையுடன் அடித்து, எழுந்து ஓடுவதுவரை பழகுவார். நான் உங்கள் இடத்தில் இருந்தால், குரலும் கவசம் அணிந்த எதிராளியும் உள்ள இத்தகைய பயிற்சி ஒன்றை முதலில் முடிப்பேன். பிறகு குத்துச்சண்டை, ஜியு-ஜிட்சு இரண்டில் எந்த வகுப்பு நேரம் பணிக்கு ஒத்துவருகிறதோ அதில் சேர்வேன். முழங்காலின் காரணமாக ஜூடோவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறேன். வீசும்போதும் வீசப்படும்போதும் ஊன்றிய காலில் ஏற்படும் திருகல், கிழிந்து ஆறிய சவ்வுக்கு நல்லதல்ல. எதில் சேர்ந்தாலும் ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காலைக் காட்டி, தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கேட்டுப் பெறுங்கள். முழங்காலைத் திருகும் பிடிகளை உங்கள் மீது யாரும் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் பயிலரங்கம் போதுமா என்றால், கண் திறக்க அது போதும். கை பழக அது போதாது. அதில் கற்ற பத்து நுட்பங்களில் இரண்டுகூடச் சில மாதங்களில் நினைவில் நிற்காது. சேர்வதற்கு முன் ருசி பார்க்கும் வழியாக வேண்டுமானால் போய்வாருங்கள்.

தொடக்கத்தில் கற்பவை எவை?

அதிக நுட்பங்கள் வேண்டாம். முதலில் நிற்கும் நிலை: ஒரு கால் சற்றுப் பின்னே, இரு உள்ளங்கைகளும் திறந்து மார்புக்கு முன்னால். பார்ப்பவருக்கு அது "வேண்டாம், நில்லுங்கள்" என்று சொல்லும் சைகை. உங்களுக்கு அது கழுத்தையும் முகத்தையும் காக்கும் தயார்நிலை. பிடித்த மணிக்கட்டை விடுவிக்க, அவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியை நோக்கி, முழங்கையை உடலோடு சேர்த்து, முழு உடலையும் திருப்பி இழுக்க வேண்டும். கையை மட்டும் இழுத்தால் அவன் பலத்தோடு உங்கள் கை மோதும். இதைக் கற்றவுடன், உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கும் துணையிடம் செய்து பாருங்கள். அப்போதுதான் அதன் உண்மையான கடினம் தெரியும்.

அடிக்கப் பழகாதவர் மடக்கிய கைமுஷ்டியால் முகத்தில் குத்தினால், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்பு முறிவது அடிக்கடி நிகழ்வது. அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முழங்கால் ஆகியவையே தொடக்க நிலையில் உங்கள் கருவிகள். தோழி சொன்ன கவட்டு உதையும் பயன்படக்கூடியதுதான். ஆனால் ஆண்கள் அந்த இடத்தைத் தன்னிச்சையாகவே காத்துக்கொள்வார்கள். தடித்த உடையும், தொடையில் பட்டு வழுக்கும் உதையும், போதையும் அதன் விளைவைக் குறைக்கும். வலி உறைக்கச் சில நொடிகள் பிடிப்பதும் உண்டு. ஓர் உதையில் முடியும் என்று நம்பி நின்றுவிடாமல், அடுத்த அடிக்கும் ஓட்டத்துக்கும் தயாராக இருங்கள். வர்மப் புள்ளிகளை அழுத்தினால் ஆள் சாய்வான் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நெஞ்சு படபடக்கும்போது விரல்களின் நுண்ணிய இயக்கம் முதலில் கெடும். அசைந்துகொண்டிருக்கும் உடலில் சிறு புள்ளியைத் தேடிப்பிடிப்பது நடக்கிற காரியமல்ல. விரல்களுக்கிடையே சாவியை வைத்துக் குத்துவதும் அப்படித்தான். உங்கள் விரலே முதலில் காயப்படும்.

விழுவதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். முகவாயை மார்போடு ஒட்டிவைத்துப் பின்தலை தரையில் மோதாமல் விழுவது, தாக்குபவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்நாள் முழுவதும் உதவும். பிறகு, கீழே கிடக்கும்போது கால்களை அவன் பக்கம் வைத்து விலக்குவது, மேலே அமர்ந்திருப்பவனை இடுப்பை உயர்த்திப் புரட்டுவது, பக்கவாட்டில் நழுவி வெளியேறுவது, முகத்தைக் காத்தபடி எழுவது. கழுத்து நெரிப்புக்கு ஒரு விடையும் வேண்டும். இரத்த ஓட்டம் தடைபட்டால் பத்து நொடிகளுக்குள்ளேயே நினைவு தப்பலாம் என்பதால் அங்கே தாமதத்துக்கு இடமில்லை. எப்போதாவது உங்கள் கழுத்து நெரிக்கப்பட்டால், வெளியே தடம் எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உள்ளே ஏற்பட்ட பாதிப்பு தாமதமாக வெளிப்படக்கூடும்.

கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழக்கமில்லாத கையிலிருந்து அது பறிக்கப்படும். சிறு தகராறைக் கொலை வழக்காக்கும். பல நாடுகளில் கையில் வைத்திருப்பதே குற்றம். எதிராளி கத்தி எடுத்தால், பையையோ நகையையோ அவன் கேட்டால், தூக்கி எறிந்துவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். கத்தியைப் பறிக்கும் வித்தையை முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் வகுப்பை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மிளகுத் தெளிப்பான் சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டது, சிலவற்றில் தடை செய்யப்பட்டது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வைத்திருந்தால், பைக்குள் ஆழத்தில் கிடப்பதால் பயனில்லை என்பதையும், காற்று எதிர்த்து வீசினால் அது உங்கள் கண்ணுக்கே வரும் என்பதையும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வகுப்பை எடைபோடுவது

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக அமர்ந்து பாருங்கள். அனுமதிக்காத இடம் உங்களுக்கு வேண்டாம். பயிற்சியாளர் புதியவர்களிடம் பழைய காயங்களைக் கேட்கிறாரா, தொட்டுக் காட்டுவதற்கு முன் "தொடலாமா" என்று கேட்கிறாரா, யாராவது "நிறுத்து" என்றால் அந்தக் கணமே எல்லாம் நிற்கிறதா, ஓராண்டுக்கு மேல் பயிலும் பெண்கள் அங்கே இருக்கிறார்களா என்று கவனியுங்கள். தலையில் பலமான அடி பட்டவரை அன்றைக்கு மீண்டும் மோதவிடும் இடத்துக்குப் போகவே வேண்டாம். "என் வித்தை உயிரைப் பறிக்கும், அதனால் மோதிப் பழக முடியாது" என்பவரிடமும், "நீங்கள் கவனமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது" என்று பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்பவரிடமும் பணம் கட்டாதீர்கள். பெண்களோடு மட்டும் பயில்வது தொடக்கத்தில் கூச்சத்தைக் குறைக்கும். சில மாதங்களுக்குப் பிறகு, நம்பிக்கையான ஆண் துணைவர்களுடனும் பயின்றால்தான் எடை வேறுபாட்டை உடல் அறியும்.

திருப்பித் தாக்கினால் சட்டம் என்ன சொல்லும்?

நான் வழக்கறிஞர் அல்லன். நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாகப் பெரும்பாலான சட்டங்கள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. அதற்கு வைக்கும் வரம்புகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆபத்து அப்போதே எதிரில் இருக்க வேண்டும். பயன்படுத்திய பலம் அந்த ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இழுப்பவனை அடித்து விலக்குவது ஒன்று. அவன் விட்டுவிட்டு ஓடும்போது துரத்திச் சென்று அடிப்பது வேறொன்று. தப்பியபின் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குச் சென்று, காவல்துறைக்கு நீங்களே முதலில் தகவல் சொல்லுங்கள். காயங்களைப் படம் எடுத்து, மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். அந்த நபரின் உயரம், உடை, அவன் சொன்ன சொற்கள் ஆகியவற்றை மறப்பதற்குள் குறித்துவையுங்கள். சில மாதங்களுக்கு முன் நடந்ததை நீங்கள் எங்கும் தெரிவிக்கவில்லை என்றால், இப்போதும் தெரிவிக்க முடியுமா என்று விசாரிக்கலாம். அதே இடத்தில் வேறு யாராவது ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கவும் கூடும்.

சேர்ந்த பிறகு

வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் என்று தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் உடல் முழுவதும் தசைவலி இருக்கும், அது இயல்பு. முழங்காலில் வீக்கமோ, பூட்டிக்கொள்வதோ, காலை ஊன்றும்போது நழுவுவதோ இயல்பல்ல. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 36 வயதில் தொடங்குபவர்கள் ஏராளம். இருபது வயதினரைப்போல வேகமாக அசைய முடியாவிட்டாலும், ஏன் செய்கிறோம் என்று கேட்டுச் செய்வதால் அவர்களுக்குப் பிடிபடுவது குறைவதில்லை. மூன்று மாதங்கள் கழித்து, வகுப்பைத் தொடர்வதா மாற்றுவதா என்று ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். அதன் பிறகு இடைவெளி விட்டாலும் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது திரும்பப் பழகுங்கள், விட்டால் மறக்கும்.

வீட்டில் ஒரு சோதனை காத்திருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இரண்டாவது வாரத்திலேயே அண்ணனோ வேறு யாரோ கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எங்கே, விடுவித்துக்கொள் பார்க்கலாம்" என்பார்கள். முடியாமல் போகும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை: நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவருக்கு முன்பே தெரியும், அவர் கண்ணிலோ முழங்காலிலோ நீங்கள் அடிக்கப் போவதில்லை என்பதும் தெரியும். அந்த விளையாட்டில் இறங்காமல், "கையை விடுங்கள்" என்று ஒருமுறை சொல்லுங்கள், சிரிக்காமல். அண்ணனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துச் சென்று, கவசம் அணிந்து உங்கள் எதிரே நிற்கச் சொல்லுங்கள்.